வலையொலிச் செயலியை வசப்படுத்தும் வழிகள்

இராமாயணத் தொடர் சொற்பொழிவைக் கைபேசியில் கேட்கத் தொடங்கும் பெரியவர் ஒருவருக்கு முதல் நாளிலேயே பட்டாபிஷேகம் கிடைத்துவிடுவது உண்டு. மறுநாள் கிடைப்பது இராவண வதம். அதற்கு மறுநாள் அதற்கும் முந்தைய பகுதி. இவ்வாறே பின்னோக்கி நடந்து அவர் புத்திர காமேஷ்டி யாகத்தை அடைவதற்குள் பல மாதங்கள் கழிந்துவிடும். சொல்பவர் மீதும் குற்றமில்லை. கேட்பவர் மீதும் குற்றமில்லை. புதிதாக வந்ததை மேலே வைத்துக் காட்டுவது வலையொலிச் செயலிகளின் இயல்பு. அன்றாடச் செய்திக்கு அது பொருந்தும். காண்டம் காண்டமாக வளரும் கதைக்குப் பொருந்தாது. ஆயினும் பெரியோர் பலர் இதைத் தம் அறியாமை என்றே எண்ணி, கைபேசியை ஓரமாக வைத்துவிட்டு, பேரனோ பேத்தியோ ஊருக்கு வரும் நாளை எதிர்பார்த்திருக்கின்றனர்.

அந்தக் காத்திருப்பு வேண்டுவதில்லை. செயலியை நிறுவவும், ஒரு தொடரைத் தேடிச் சேர்க்கவும், அதை ஒலிக்கச் செய்யவும் அறிந்தவர்கள் அடுத்த படியாகக் கற்றுக்கொள்ளத்தக்க அமைப்புகள் சில உள. அவை இங்கே ‘ஆன்டெனாபாட்’ என்னும் செயலியை முன்வைத்து விளக்கப்படுகின்றன. ஆண்ட்ராய்டு கைபேசிகளுக்கு உரிய இச்செயலி 2012ஆம் ஆண்டு முதல் தன்னார்வலர்களால் உருவாக்கப்பட்டு வருகிறது. இதற்குக் கட்டணமில்லை, செயலிக்கென்று விளம்பரமும் இல்லை, பெயரும் தொலைபேசி எண்ணும் கொடுத்துக் கணக்குத் தொடங்க வேண்டிய கட்டாயமும் இல்லை. ஐபோனில் இது கிடைக்காது. ஆயினும் அதில் உள்ள ஆப்பிள் பாட்காஸ்ட்ஸ் முதலிய செயலிகளிலும் இங்குக் கூறப்படுவனவற்றுள் பல வேறு பெயரில் உண்டு. பதிப்புக்குப் பதிப்பு சொற்களும் இடங்களும் சற்று மாறும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

அமைப்புகளுக்குள் நுழையும் முன், ‘ஓடை’ என்பதன் பொருளை அறிவது நலம். அதை அறிந்துவிட்டால் மற்றவை தாமே விளங்கும். கோயில் வாயிலில் ஒரு பலகை இருக்கிறது. இன்ன நாளில் இன்னாரின் உபந்யாசம் என்று அதில் எழுதுகிறார்கள். புதிய நிகழ்ச்சி வந்ததும் மேலே ஒரு வரி கூடுகிறது. வலையொலித் தொடர் ஒவ்வொன்றுக்கும் இத்தகைய பலகை ஒன்று இணையத்தில் உண்டு. அதுவே செய்தியோடை அல்லது ஃபீட் எனப்படும். ஒவ்வொரு பகுதியின் தலைப்பு, நாள், ஒலிக்கோப்பு இருக்கும் முகவரி ஆகியவையே அதில் எழுதப்பட்டிருக்கும். ஒலி அதில் இராது. செயலியின் வேலை, குறித்த நேரத்தில் சென்று பலகையைப் படித்து, புதிய வரி இருந்தால் வந்து சொல்வது. செய்தியோடையில் ஒலிக்கோப்பின் முகவரியையும் இணைக்கும் வழியை 2000ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்க மென்பொருளாளர் டேவ் வைனர் வகுத்தார். ‘பாட்காஸ்ட்’ என்ற பெயர் 2004ஆம் ஆண்டு ‘கார்டியன்’ நாளிதழில் பென் ஹாமர்ஸ்லி எழுதிய கட்டுரையில் தோன்றியது. அடுத்த ஆண்டே ஆப்பிள் நிறுவனம் தன் ஐடியூன்ஸ் மென்பொருளில் அதற்கு இடமளிக்க, உலகெங்கும் பரவிற்று.

காணொளித் தளங்களுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் இருக்கிறது. அங்கே ஒரு சொற்பொழிவு முடிந்ததும் அடுத்து வருவது எது என்பதைத் தளத்தின் கணிப்பு தீர்மானிக்கிறது; அரைத் தூக்கத்தில் இருப்பவர் காதில் திடீரென்று ஏதோ ஒரு விவாதக் கூச்சல் விழுகிறது. ஓடை வழிக் கேட்பில் அடுத்தது எது என்பதைக் கேட்பவரே வகுக்கிறார். ஆனால் அதை வகுத்து வைக்க வேண்டும். வகுக்காதவருக்கு இந்த உரிமையால் பயனில்லை.

‘சப்ஸ்கிரைப்’ என்ற சொல்லைக் கண்டு தயங்குவோர் உண்டு. அது சந்தாத் தொகை கேட்பதாக எண்ணுகின்றனர். ஓடையைச் செயலியில் சேர்த்துக்கொள்வதையே அச்சொல் இங்குக் குறிக்கிறது. அதற்குக் காசு இல்லை. கட்டணம் பெறும் தொடர்கள் சில இருக்கின்றன. அவை அதை வெளிப்படையாகவே அறிவிக்கும். இலவசத் தொடரைச் சேர்ப்பதற்கு வங்கி அட்டை எண்ணையோ கைபேசிக்கு வரும் ஓடிபி எண்ணையோ எந்தச் செயலியாவது கேட்டால், அதை உடனே நீக்கிவிடுவதே உத்தமம்.

கதை வரிசையாக வர

இனி, பட்டாபிஷேகத்தைக் கடைசிக்கு அனுப்பும் வழி. தொடரின் பக்கத்தைத் திறந்து, மேல் மூலையில் உள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டால் ‘சார்ட்’ என்னும் சொல் தோன்றும். அதில் நாள்வாரியாக, பழையதிலிருந்து புதியதற்கு என்னும் முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒவ்வொரு தொடருக்கும் இதைத் தனித்தனியே அமைக்கலாம் என்பதால், இராமாயணம் பழையதிலிருந்தும், தினசரிப் பஞ்சாங்கக் குறிப்பு புதியதிலிருந்தும் வரும்படி வைத்துக்கொள்ளலாம். தொடரின் முதற்பகுதி பட்டியலில் காணப்படவில்லை என்றால் அதற்கும் காரணம் உண்டு. சில ஓடைகள் அண்மையில் வந்த பகுதிகளை மட்டுமே வைத்துக்கொண்டு பழையவற்றை நீக்கிவிடும். பலகையில் இடம் போதாதபோது பழைய வரிகளை அழிப்பது போன்றது அது. இதைச் செயலியால் சரிசெய்ய இயலாது.

வரிசைப்படுத்தியபின் ‘கியூ’ என்னும் காத்திருப்பு வரிசையைப் பயன்படுத்தக் கற்க வேண்டும். முதற்பகுதியின் பெயரைச் சற்று அழுத்திப் பிடித்தால் பல பகுதிகளை ஒன்றாகத் தேர்ந்தெடுக்கும் வசதி வரும். பத்துப் பகுதிகளைத் தேர்ந்து வரிசையில் இட்டுவிட்டால், பத்து நாட்களுக்கு ஒலிக்கும் பொத்தானைத் தவிர வேறெதையும் தொட வேண்டியதில்லை. ஒரு பகுதி முடிந்ததும் அடுத்தது தானே தொடங்க வேண்டுமா, அங்கேயே நிற்க வேண்டுமா என்பதை ‘செட்டிங்ஸ்’ பகுதியில் ‘பிளேபேக்’ என்பதன்கீழ் உள்ள ‘கன்டினியூயஸ் பிளேபேக்’ தீர்மானிக்கும். நாளொன்றுக்கு ஓர் அத்தியாயம் என்ற நியமம் உடையவர்கள் அதை அணைத்து வைப்பது நல்லது.

காத்திருப்பு வரிசையில் பலரும் கவனியாத ஒரு பூட்டு இருக்கிறது. விரல் நடுக்கம் உடையவர்களுக்கு இதைவிடப் பயனுள்ள அமைப்பு இச்செயலியில் வேறில்லை எனலாம். வரிசையில் உள்ள ஒரு பெயரை விரல் சற்றே பக்கவாட்டில் தள்ளினாலும் அது வரிசையிலிருந்து விலகிவிடக்கூடும். மேலும் கீழும் இழுத்தால் முறை மாறிவிடும். முந்தின நாள் அருமையாக அடுக்கி வைத்தது மறுநாள் கலைந்து கிடப்பதன் காரணம் பெரும்பாலும் இதுவே. வரிசைப் பக்கத்தின் மேலே உள்ள பூட்டுக் குறியை அல்லது ‘லாக் கியூ’ என்னும் சொல்லைத் தொட்டுவிட்டால், விரல் எப்படித் தவறினும் வரிசை கலையாது.

செவிக்கு இசைவாக

முதுமையில் செவித்திறன் குறையும்போது முதலில் மங்குவது உயர் அதிர்வு ஒலிகளே. குரல் கேட்கும், ஆனால் ‘ச’, ‘ஸ’, ‘ஷ’ போன்ற மெல்லிய ஒலிகள் நழுவுவதால் சொல் விளங்காது. அப்போது பெரும்பாலோர் ஒலியைக் கூட்டுகின்றனர். குரல் இன்னும் உரக்கக் கேட்கிறதே அன்றிச் சொல் முன்போலவே மங்கலாக இருக்கிறது. அடுத்த அறையில் இருப்பவருக்கும் தொல்லை. இத்தகையோர்க்கு ஒலியைக் கூட்டுவதைவிட வேகத்தைக் குறைப்பது கைகொடுக்கும். செயலியில் 1.0 என்பது இயல்பான வேகம். அதை 0.8 ஆக்கினால் ஒரு மணி நேரச் சொற்பொழிவு 75 நிமிடம் ஓடும்; சுருதி மாறாது, சொற்களும் அவற்றின் இடைவெளிகளும் சற்று நீளும். இயல்பிலேயே நிதானமாகப் பேசுபவரை 0.8இல் கேட்டால் பொறுமை சோதிக்கப்படும். எனவே பொதுவேகத்தை மாற்றாமல், தொடரின் பக்கத்தில் உள்ள பற்சக்கரக் குறியைத் தொட்டு, அந்தத் தொடருக்கு மட்டும் வேகம் குறிப்பதே முறை. விரைந்து பேசுபவருக்கு 0.8, நிதானமாகப் பேசுபவருக்கு 1.0 என ஒவ்வொருவருக்கும் ஒன்று. பஜனை, நாமசங்கீர்த்தனம் போன்ற இசைத் தொடர்களின் வேகத்தைத் தொடவே கூடாது.

அதே பற்சக்கரப் பக்கத்தில் ஒலியளவைத் தொடர்வாரியாகக் கூட்டவும் குறைக்கவும் ஓர் அமைப்பு உண்டு. பழைய ஒலிநாடாவிலிருந்து மாற்றிய பதிவு மிக மெலிதாகவும், அரங்கில் புதிதாகப் பதிவானது மிக உரக்கவும் இருக்கும். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும்போது காது அதிராதபடி இரண்டையும் சமன்செய்து வைக்கலாம். அதற்கருகிலேயே, தொடக்கத்தில் எத்தனை விநாடியையும் முடிவில் எத்தனை விநாடியையும் தாண்ட வேண்டும் என்று எழுதும் இடமும் இருக்கும். ஒவ்வொரு பகுதியும் ஒன்றரை நிமிட அறிமுக இசையோடும் அறிவிப்போடும் தொடங்குகிறது என்றால் அங்கே 90 என்று எழுதிவிட்டால் போதும். சொற்பொழிவு நேராகத் தியான சுலோகத்திலேயே தொடங்கும். ஆனால் அறிமுகத்தின் நீளம் பகுதிக்குப் பகுதி மாறும் தொடரில் இதைச் செய்தால் சுலோகத்தில் பாதி போய்விடும். நான்கைந்து பகுதிகளைக் கேட்டு, நீளம் ஒன்றே என்று உறுதிசெய்துகொண்ட பிறகு எழுதுவது நல்லது.

‘ஸ்கிப் சைலன்ஸ்’ என்று ஓர் அமைப்பு உண்டு. பேச்சில் வரும் மௌன இடைவெளிகளை வெட்டி நேரத்தை மிச்சப்படுத்துவது அதன் வேலை. அலுவலகம் செல்லும் இளையோர்க்கு அது உதவக்கூடும். நல்ல உபந்யாசகர் ஒரு கேள்வியை எழுப்பிவிட்டு நிறுத்தும் அந்த ஒரு கணத்தில்தான் கேட்பவர் மனம் விடை தேடுகிறது. அதை வெட்டி எறிந்துவிட்டுக் கேட்பதில் என்ன இலாபம்? அணைத்து வைப்பதே நலம்.

ஒரு காது மட்டும் நன்கு கேட்பவர்களுக்கு உரிய உதவி கைபேசியின் பொது அமைப்பிலேயே இருக்கிறது. ‘அக்சஸிபிலிட்டி’ என்னும் தலைப்பின்கீழ் ‘மோனோ ஆடியோ’ என்பதை இயக்கினால் இரு காதுக்குமான ஒலியும் ஒன்றாகக் கலந்து வரும். இடப்புறம் சொல்லப்பட்டது வலக்காதிலும் கேட்கும். எழுத்துகளைப் பெரிதாக்கும் வசதியும் கைபேசியின் பொது அமைப்பிலேயே கிடைக்கிறது.

முன்னும் பின்னும் தாவும் பொத்தான்களை அழுத்திப் பிடித்தால், எத்தனை விநாடி தாவ வேண்டும் என்று மாற்றிக்கொள்ளலாம். தவறவிட்ட ஒரு பதத்தை மீண்டும் கேட்பதற்குப் பின்தாவல் 10 விநாடியாக இருப்பது வசதி. காதணிக் கருவியைக் கழற்றியதும் அல்லது புளூடூத் துண்டித்ததும் ஒலி நின்றுவிடும்படி அமைத்திருக்கிறதா என்று ‘பிளேபேக்’ பகுதியில் ஒருமுறை பார்த்துக்கொள்வதும் அவசியம். சந்நிதியில் நிற்கும்போது சட்டைப்பையிலிருந்து திடீரென்று ஒலி எழும் சங்கடம் அதனால் நேராது. அறிவிப்பு மணி ஒலிக்கும்போது பேச்சு தணிந்து ஓடாமல் முழுவதுமாக நிற்கச் செய்யும் அமைப்பும் அங்கேயே உண்டு. அதனால் ஒரு வாக்கியமும் தவறாது.

இரவில் கேட்டுக்கொண்டே கண்ணயர்வோர்க்கு ‘ஸ்லீப் டைமர்’ இருக்கிறது. பலர் அறிந்ததே. அறியாதது, அதைத் தினந்தோறும் இயக்கத் தேவையில்லை என்பது. குறித்த நேரத்திற்குள், இரவு 9 மணி முதல் காலை 4 மணி வரை என்பது போல், எப்போது ஒலித்தாலும் தானே இயங்கும்படி செய்துவிடலாம். நேரம் முடியும் தறுவாயில் கைபேசி சற்று அதிரவும், விழித்திருப்பவர் அதைக் கையில் எடுத்துக் குலுக்கினால் மீண்டும் முழு நேரமும் நீளவும் அமைப்பு உண்டு. இருட்டில் கண்ணாடியைத் தேடி அணிந்து திரையைப் பார்க்கும் வேலை மிச்சம்.

வந்து சேர்வதும் நீங்குவதும்

நொடிக்கு 128 கிலோபிட் என்னும் அளவில் பதிவான ஒரு மணி நேரச் சொற்பொழிவு ஏறத்தாழ 58 மெகாபைட் இடம் பிடிக்கும். 64 கிலோபிட் எனில் அதில் பாதி. ஒன்றிரண்டு பகுதிகளால் ஒன்றும் ஆகிவிடாது. அவை 100 பகுதிகளாகப் பெருகும்போது 5.8 ஜிபி இடம் போய்விடுகிறது. ‘இடமில்லை’ என்று கைபேசி முறையிடத் தொடங்குகிறது. வீட்டார் அவசரத்தில் எதையாவது அழிக்க, குடும்பப் படங்கள் போய்விடுகின்றன. ‘செட்டிங்ஸ்’ பகுதியில் ‘டவுன்லோட்ஸ்’ என்பதன்கீழ் உள்ள மூன்று அமைப்புகள் இதைத் தடுக்கும். கைபேசியின் இணைய அளவில் எவையெவை நடைபெறலாம் என்று கேட்கும் இடத்தில், ஓடையைப் புதுப்பிப்பதை மட்டும் அனுமதித்து, தானியங்கிப் பதிவிறக்கத்தை வைஃபை இணைப்புக்கு என்று விட்டுவிடலாம். தானாக இறங்கும் பகுதிகளின் உச்ச எண்ணிக்கையைச் சிறிதாகக் குறிக்கலாம். நாளுக்கு ஒன்று கேட்பவருக்குப் பத்து தாராளம். மின்னேற்றத்தில் இருக்கும்போது மட்டும் பதிவிறங்கச் செய்வது மூன்றாவது. இரவில் கைபேசியை மின்னேற்றத்தில் இட்டு உறங்கச் சென்றால், விடியற்காலை விளக்கேற்றும் வேளைக்குள் புதிய பகுதி வந்து காத்திருக்கும்.

எல்லாம் சரியாக அமைத்தும் காலையில் ஒன்றும் வந்திராவிட்டால், குற்றம் செயலியில் இல்லாமல் கைபேசியின் மின்சேமிப்பு முறையில் இருக்கக்கூடும். மின்கலத்தைக் காக்கும் பொருட்டு, திரையில் இல்லாத செயலிகளைச் சில கைபேசிகள் உறங்க வைத்துவிடுகின்றன. கைபேசியின் அமைப்புகளில் செயலியின் பெயரைத் தேர்ந்து, ‘பேட்டரி’ என்பதில் ‘அன்ரெஸ்ட்ரிக்டட்’ என்று மாற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

ஒரே நிறுவனத்தின் ஓடையில் தமிழ்ச் சொற்பொழிவும் ஆங்கிலச் சொற்பொழிவும், நடுநடுவே இரண்டு நிமிட அறிவிப்புகளும் கலந்து வருவதுண்டு. தொடரின் பற்சக்கரப் பக்கத்தில் உள்ள வடிகட்டி இதற்கானது. தலைப்பில் இன்ன சொல் இருந்தால் மட்டும் இறக்கு, இன்ன சொல் இருந்தால் விடு, இத்தனை நிமிடத்திற்குக் குறைந்ததை விடு என்று அதில் குறிக்கலாம். வடிகட்டி தானியங்கிப் பதிவிறக்கத்தை மட்டுமே கட்டுப்படுத்தும். விலக்கப்பட்டவை பட்டியலில் இருந்துகொண்டேதான் இருக்கும்.

இனிக் கூறப்படுவது சற்றுக் கூடுதல் கவனத்திற்கு உரியது. இல்லங்கள் பலவற்றில் பழைய ஒலிநாடாக்கள் பெட்டி பெட்டியாக உள்ளன. அறுபது நிமிட நாடாவில் பக்கத்திற்கு அரை மணி என்று, எப்போதோ ஒரு சப்தாகத்தின்போது முன்வரிசையில் அமர்ந்து பதிவு செய்தவை. மறைந்த பெரியோர்களின் குரல். சில வேளை, வீட்டுப் பாட்டியார் பேத்திக்குப் பாடம் சொல்லிக் கொடுத்த குரல். இவற்றை எம்பி3 கோப்புகளாக மாற்றி வைத்திருப்பவர்கள், அவற்றையும் இதே செயலியில் ஒரு தொடராகச் சேர்த்துக் கேட்கலாம் என்பதைப் பெரும்பாலும் அறிவதில்லை. கோப்புகளைக் கைபேசியில் தனிக் கோப்புறையில் இட்டு, தொடர் சேர்க்கும் பக்கத்தில் ‘ஆட் லோக்கல் ஃபோல்டர்’ என்பதைத் தொட்டு அந்தக் கோப்புறையைக் காட்டினால் போதும். விட்ட இடத்திலிருந்து தொடர்தல், வேகம், ஒலியளவு, காத்திருப்பு வரிசை ஆகிய யாவும் இவற்றுக்கும் பொருந்தும். இணையம் சிறிதும் வேண்டாம். கோப்புகளுக்கு 001, 002 என்று மூன்று இலக்க எண்ணில் தொடங்கிப் பெயரிட்டு, கோப்பின் பெயர்வாரியாக வரிசைப்படுத்தினால் முறை பிசகாது. கோப்புறைக்குள் ‘ஃபோல்டர்’ என்று ஆங்கில எழுத்துகளில் பெயரிட்ட படம் ஒன்றை வைத்தால் அதுவே அத்தொடரின் முகப்பாகத் தோன்றும். எழுத்தைப் படிக்கச் சிரமப்படுவோர் படத்தைக் கண்டே தொட்டுவிடலாம்.

அபாயம் எங்கே என்றால், கேட்டு முடித்த பகுதியைத் தானே அழிக்கும் அமைப்பில். இணையத்திலிருந்து இறங்கிய பகுதிக்கு அது மிக நல்லது. இடம் மிஞ்சும், வேண்டுமெனில் மீண்டும் இறக்கிக்கொள்ளலாம். ‘ஃபேவரிட்’ என்று நட்சத்திரமிட்டவற்றை மட்டும் அழிக்காமல் காக்கவும் வழி உண்டு. ஆனால் சொந்தக் கோப்புறையில் உள்ள கோப்பு அழிந்தால் அழிந்ததுதான். அதை மீண்டும் அனுப்ப எந்த ஓடையும் இல்லை. இதை உணர்ந்தே, சொந்தக் கோப்புறைகளையும் இந்த அழிப்பில் சேர்க்கலாமா என்பதை ஆன்டெனாபாட் ஒரு தனி அமைப்பாக வைத்துள்ளது. அதை ஒருபோதும் இயக்கலாகாது. இடத்தை மிச்சப்படுத்துவதாக எண்ணி, கண்ணில் படும் அமைப்பையெல்லாம் இயக்கிவிடும் இளைஞரிடமும் இதை முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். கைபேசியில் இருப்பது படியாக மட்டும் இருக்கட்டும்; மூலக் கோப்புகள் ஒரு பென்டிரைவிலோ கணினியிலோ வேறோர் இடத்தில் இருந்தே ஆக வேண்டும். நாடாக்களையும், அவை பூஞ்சை பிடித்துப் பயனற்றவையாகும் வரை, தூக்கி எறியாதிருப்பது நல்லது.

கைபேசி மாறும்போது

கூகுள் நிறுவனம் ‘கூகுள் பாட்காஸ்ட்ஸ்’ என்ற தன் செயலியை 2024ஆம் ஆண்டு மூடிற்று. அதற்கு முன் 2013ஆம் ஆண்டு, செய்தியோடைகளைப் படிக்கும் ‘கூகுள் ரீடர்’ சேவையையும் மூடியிருந்தது. செயலி மூடப்பட்டாலும் ஓடைகள் அப்படியே இருந்தன. பலகை எழுதுபவர் வேறு, அதைச் சென்று படித்து வருபவர் வேறு அல்லவா? ஆகவே தம் ஓடைகளின் முகவரிப் பட்டியலைக் கையில் எடுத்துக்கொண்டவர்கள் வேறொரு செயலியில் அதைக் கொடுத்து, அதே தொடர்களைத் தொடர்ந்து கேட்டனர். எடுத்துக்கொள்ளாதவர்கள் ஒவ்வொன்றாகத் தேடிச் சேர்க்க வேண்டியதாயிற்று.

அந்தப் பட்டியலின் பெயர் ஓபிஎம்எல் கோப்பு. ‘செட்டிங்ஸ்’ பகுதியில் ‘இம்போர்ட், எக்ஸ்போர்ட்’ என்னும் இடத்தில் அதை ஒரு தொடுகையில் உருவாக்கலாம். முகவரிகள் மட்டுமே கொண்ட மிகச் சிறிய கோப்பு. பெரும்பாலான வலையொலிச் செயலிகள் இதை ஏற்கும். அங்கேயே ‘டேட்டாபேஸ்’ ஏற்றுமதியும் உண்டு. அது கேட்டவை, கேளாதவை, நிறுத்திய இடம், காத்திருப்பு வரிசை ஆகியவற்றையும் சேர்த்துக் காக்கும்; ஆனால் ஆன்டெனாபாட் செயலியில் மட்டுமே பயன்படும். இரண்டையும் எடுத்து வைப்பது நலம். அண்மைப் பதிப்புகளில், ஒரு கோப்புறையைக் காட்டிவிட்டால் இந்த இரண்டாம் வகைக் காப்பு சீரான இடைவெளியில் தானே எழுதப்படும். அக்கோப்புறை அதே கைபேசியில் மட்டும் இருந்தால், கைபேசி தொலையும் நாளில் காப்பும் உடன் தொலையும் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். மாதம் ஒருமுறை மகனுக்கோ மகளுக்கோ மின்னஞ்சலில் அனுப்பி வைப்பது எளிய ஏற்பாடு.

புதிய கைபேசியில் செயலியை நிறுவியதும் வேறெதுவும் சேர்ப்பதற்கு முன் ‘டேட்டாபேஸ்’ கோப்பை உள்ளே கொடுக்க வேண்டும். முன்பு இருந்தவை எல்லாவற்றையும் அகற்றிவிட்டே அது அமரும். காப்பில் ஒலிக்கோப்புகள் இரா. இணையத் தொடர்களின் பகுதிகளை வைஃபையில் மீண்டும் இறக்கிக்கொள்ளலாம். ஒலிநாடாக் கோப்புறையைத் தனியே புதிய கைபேசிக்கு மாற்றி, மீண்டும் ‘ஆட் லோக்கல் ஃபோல்டர்’ வழியே காட்ட வேண்டும். பழைய கைபேசியைக் கடையில் மாற்றாகக் கொடுக்குமுன் இந்த மாற்றத்தை முடித்து, 001ஆம் எண் கோப்பையும் கடைசி எண் கோப்பையும் ஒருமுறை ஒலிக்கச் செய்து பார்த்துவிட வேண்டும்.

ஓபிஎம்எல் கோப்புக்கு இன்னொரு பயனும் உண்டு. வெளியூரில் உள்ள தமக்கையாருக்கோ சம்பந்தி வீட்டாருக்கோ அதை வாட்ஸ்அப்பில் அனுப்பினால், அவர்கள் தம் செயலியில் ‘ஓபிஎம்எல் இம்போர்ட்’ என்பதைத் தொட்டு, தாம் ஏற்கெனவே கேட்டுவரும் தொடர்களோடு இவற்றையும் சேர்த்துக்கொள்ளலாம். பட்டியல் திரையில் விரிந்ததும் வேண்டியவற்றை மட்டும் தேர்ந்து சேர்த்துக்கொள்ளலாம்.